உறைபனியிலும் உடல் வெப்பம் காக்கும் லடாக் விலங்குகள்: உரோமம் மட்டும் போதுமா?

லடாக்கின் சாங்தாங் பீடபூமி, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது. குளிர்காலத்தில் அங்கு வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆயினும் ஆடு, யாக், பனிச்சிறுத்தை போன்ற விலங்குகளின் உடல் வெப்பம் 38 டிகிரியை ஒட்டியே நிலைத்திருக்கிறது. ஏறத்தாழ 70 டிகிரி வேறுபாட்டை இவை எவ்வாறு தாங்குகின்றன?

காற்றே கவசம்

உரோமம் வெப்பத்தை உருவாக்குவதில்லை. உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. நெருங்கிய இழைகளுக்கு இடையே அசையாமல் தங்கும் காற்றே அதன் காப்புத் திறனுக்குக் காரணம். சாங்தாங் ஆட்டுக்கு உரோமம் இரண்டு அடுக்குகளாக உள்ளது. நீண்ட, முரட்டு மேல்மயிர் காற்றையும் பனியையும் தடுக்கிறது. அதன் அடியில், பகல் பொழுது குறையத் தொடங்கும் காலத்தில், மென்மயிர் அடர்ந்து வளர்கிறது. வசந்த காலத்தில் தானாக உதிரத் தொடங்கும் இந்த மென்மயிரையே சாங்பா மேய்ச்சல் மக்கள் சீவி எடுக்கின்றனர். இதுவே உலகப் புகழ் பெற்ற பஷ்மினா. இதன் இழை 12 முதல் 15 மைக்ரான் தடிமன் மட்டுமே கொண்டது.

யாக்கின் நீண்ட உரோமம் வயிற்றுக்குக் கீழே வரை தொங்கி, படுக்கும்போது பனித்தரையின் குளிரிலிருந்து காக்கிறது. அதற்கு வியர்ப்பதும் மிகக் குறைவு என்பதால், குளிரைத் தாங்கும் அவ்விலங்கு வெப்பத்தைத் தாங்குவதில்லை.

வாலே போர்வை

காது போன்ற உறுப்புகளின் வழியே வெப்பம் எளிதில் வெளியேறும். பனிச்சிறுத்தையின் காதுகள் சிறியவை. பாதங்களின் அடிப்புறத்திலும் உரோமம் உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அடர்ந்த வாலை, உறங்கும்போது முகத்தின்மீது போர்த்திக்கொள்கிறது. 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. அவற்றில் 477 லடாக்கில் வாழ்கின்றன.

மர்மோட் எனும் கொறிவிலங்கு வேறு வழியைக் கையாள்கிறது. கோடையில் உண்டு கொழுப்பைச் சேமித்து, குளிர்காலம் முழுவதும் வளைக்குள் கூட்டமாக உறங்குகிறது. அப்போது அதன் இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் பெரிதும் குறைவதால், சேமித்த கொழுப்பு பல மாதங்களுக்குப் போதுமானதாகிறது.

தீவனமே எரிபொருள்

இந்த உத்திகள் அனைத்தும் வெப்ப இழப்பைக் குறைப்பவையே. வெப்பத்தை உண்டாக்க உணவு வேண்டும். ஆடும் யாக்கும் மேய்ந்த புல், இரைப்பையில் நுண்ணுயிரிகளால் நொதிக்கும்போதும் வெப்பம் பிறக்கிறது. கடும் பனிப்பொழிவு மேய்ச்சல் நிலத்தை நாட்கணக்கில் மூடிவிட்டால், அந்த வெப்பத்துக்கான வழி அடைபடுகிறது. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாங்தாங்கில் இவ்வாறே நேர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. அவற்றுள் குட்டிகளே அதிகம்.

உலகின் மிக மெல்லிய கம்பளிகளுள் ஒன்றைச் சுமக்கும் ஆடும், வயிறு காலியானால் குளிருக்குப் பலியாகும். எனவே, குளிர்காலத்துக்கு முன்பே சேமித்து வைக்கும் தீவனமும், குட்டிகளுக்கான கொட்டகையும்தான் மேய்ச்சல் குடும்பங்களின் வாழ்வாதாரத்தைக் காக்கின்றன.