சைலீனைப் பிரித்த கல்



அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரித்து உண்ணும் என்பது புலவர் மரபு. அத்தகைய பறவையை எவரும் கண்டதில்லை. ஆனால் பாலையும் நீரையும்விட நெருங்கிய உறவுடைய நீர்மங்களைப் பிரிக்கும் கல் ஒன்றை வேதியியலார் கண்டனர். அதன் வரலாறு அறியத்தக்கது.

பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் சைலீன் தனிப் பொருளன்று, ஒரு குடும்பம். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து வட்டமாக நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றுள் இரண்டில் மெத்தில் தொகுதிகள் இணைந்துள்ளன. அவை அடுத்தடுத்து இருப்பின் ஆர்த்தோ. இடையே ஓர் அணு இருப்பின் மெட்டா. எதிரெதிரே இருப்பின் பாரா. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவும் அமைப்பு வேறாகவும் உள்ள இவற்றை மாற்றியங்கள் என்பர். எத்தில்பென்சீன் என்னும் நான்காவது மாற்றியமும் இவற்றோடு கலந்தே வருகின்றது.

1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டறிந்தனர். டெரிலின் என்று பின்னர்ப் புகழ்பெற்ற இழை அதுவே. அதற்கு வேண்டிய டெரெப்தாலிக் அமிலத்தைத் தருவது பாரா சைலீன். அதன் இரு கைகளும் எதிரெதிர்த் திசைகளில் நீண்டிருப்பதால், மூலக்கூறுகள் நேராகத் தொடர்ந்து நெடுஞ்சங்கிலியாகின்றன. ஆகவே குடும்பத்தில் ஒருவரை மட்டும் தனியே அழைக்க வேண்டிய தேவை எழுந்தது.

காய்ச்சி வடித்தால் பிரியாதோ எனக் கேட்பீர்கள். பாரா 138 பாகையில் கொதிக்கும்; மெட்டா 139 பாகையில் கொதிக்கும். ஆர்த்தோ 144 பாகையில் கொதிப்பதால் உயரமான வடிகலத்தில் அதைப் பிரித்துவிடலாம். முதலிரண்டையும் அவ்வாறு பிரித்தல் இயலாது. எனவே குளிர்வித்துப் பார்த்தனர். பாரா 13 பாகையிலேயே உறைந்து படிகமாகின்றது. எனினும் ஓர் எல்லைக்குமேல் குளிர்வித்தால் பிறவும் உடன் உறைகின்றன. அதனால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாராவே கைக்கு வந்தது. எஞ்சியது கலவையிலேயே தங்கிவிட்டது.

இனி, கல்லின் கதைக்கு வருவோம். 1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடேற்றினார். அது நீராவியை வெளிவிட்டுக் கொதிப்பதுபோல் நுரைத்தது. ஆதலின், கொதிக்கும் கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குச் சியோலைட்டு எனப் பெயரிட்டார். அக்கல்லினுள் கண்ணுக்குப் புலனாகா நுண்ணறைகள் ஒழுங்காக அமைந்துள்ளன. 1949 முதல் அமெரிக்காவில் மில்டன் என்பவர் அத்தகைய கல்லை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கத் தொடங்கினார்.

இக்கல்லை மூலக்கூற்றுச் சல்லடை என்பர். ஆயினும் சைலீனைப் பிரிப்பதில் அது சல்லடையாக மட்டும் நிற்பதில்லை. இதற்குப் பயன்படும் வகையின் வாயில், நான்கு மாற்றியங்களும் நுழையும் அளவுக்கு அகன்றது. உள்ளே பேரியம், பொட்டாசியம் அயனிகளை அமைத்தபோது, பாராவை அக்கல் பிறவற்றினும் சற்று மிகுதியாகப் பற்றிக்கொண்டது. பொருளின் உட்பரப்பில் நிகழும் இப்பற்றுதலைப் பரப்புக் கவர்ச்சி என்பர். பற்றிய பாராவை வேறொரு நீர்மத்தால் கழுவி எடுக்கலாம்.

தொடர்ந்து பிரிக்க வேண்டுமெனில், கல் ஒரு திசையிலும் நீர்மம் எதிர்த்திசையிலும் நகர வேண்டும். கல்மணிகளை ஓடவிட்டாலோ அவை உராய்ந்து பொடியாகும். பிராட்டன், கெர்ஹோல்டு ஆகியோர் பெற்ற 1961ஆம் ஆண்டுக் காப்புரிமை இதற்கு வழி காட்டிற்று. நம் பந்தியில் இலைகள் இருந்த இடத்திலேயே இருக்கப் பரிமாறுவோர் நகர்வதில்லையா? அவ்வாறே கல்லை அடுக்கடுக்காக அசையாமல் நிறுத்தி, நீர்மம் புகும் வாயிலையும் வெளியேறும் வாயிலையும் முறையே அடுத்தடுத்த அடுக்குக்கு மாற்றினர். கல் நகர்ந்தாற்போன்ற பயன் கிட்டியது. 1971ஆம் ஆண்டில் பாரெக்ஸ் என்னும் பெயரால் இம்முறை ஆலையில் இயங்கத் தொடங்கியது. கலவையிலுள்ள பாராவில் நூற்றுக்கு 97 பங்கு வரை இதனால் கிடைக்கின்றது. எஞ்சியவற்றை வினையூக்கியின்மீது செலுத்தினால் அவற்றில் ஒரு பகுதி மீண்டும் பாராவாக மாறும், அதனையும் பிரித்தெடுக்கின்றனர்.

குரோன்ஸ்டெட் கல்லைச் சுட்டது ஆடைக்காக அன்று. கல்லின் இயல்பை அறிவதற்கே. அவ்வறிவு பயன்தர இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. உடனே பயன் தராத கல்வியை இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இதே பாரா சைலீனிலிருந்து இன்று தண்ணீர்ப் புட்டிகளும் ஆகின்றன. அவை குப்பையோடும் மண்ணோடும் கடலோடும் கலந்துவிட்டன. கலப்பது எளிது, பிரிப்பது அரிது என்பதே இவ்வரலாறு கூறும் உண்மை. ஒரு பாகை வேறுபாட்டை வென்ற மனிதன் அக்குப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை இன்னும் முடிக்கவில்லை. அப்பணி உங்கள் தலைமுறைக்காகக் காத்திருக்கின்றது.