கோத்ரூடுக்கு வந்த காட்டுமாடும் கர்னாலில் பிறந்த கரிமாவும்

2020 டிசம்பர் 9 அன்று நமது புனே கோத்ரூடில், மகாத்மா சொசைட்டிப் பக்கம் ஒரு காட்டுமாடு வழிதவறி வந்துவிட்டது. மராட்டியர்கள் ‘கவா’ என்று சொல்லும் விலங்கு. கூட்டம் கூடி விரட்ட, அது மிரண்டு ஓட, கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அன்றே இறந்துபோனது. டிவியில் அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மாலையில் போனில் பேசிய சங்க நண்பர் ஒருவர், “என்ன சார், இப்பத்தான் குளோனிங் எல்லாம் வந்துடுச்சே, இன்னொண்ணு பண்ணிட்டாப் போச்சு” என்றார். பாதி வேடிக்கை, பாதி ஆதங்கம். அவருக்குச் சொல்லத் தொடங்கிய பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இவ்விலங்கைக் ‘காட்டெருமை’ என்கிறோம். ஆனால் இது எருமையே அல்ல, பசுவின் இனத்தைச் சேர்ந்தது. சங்க நூல்களில் வரும் ‘ஆமா’ இதுதான் என்பர். உண்மையான காட்டெருமை இன்று அஸ்ஸாமிலும், மிகச் சொற்பமாகச் சத்தீஸ்கரிலும் இருக்கிறது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

நண்பர் வேடிக்கையாகச் சொன்ன காரியம் உண்மையில் நடந்தே இருக்கிறது. 2001 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பெஸ்ஸி என்னும் சாதாரணப் பசு ஒரு காட்டுமாட்டுக் கன்றை ஈன்றது. பல ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு காட்டுக் காளையின் தோல் உயிரணுக்களை உறையவைத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த நகல் இது. ‘நோவா’ என்று பெயரிட்டார்கள். அருகிவரும் இனத்தில் நகலாகப் பிறந்த முதல் விலங்கு என்று கொண்டாடினார்கள். இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்தது.

அதற்கு முன்னோடியான டாலி ஆட்டை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். 1996 ஜூலை 5இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தில் பிறந்து, 2003 பிப்ரவரி 14இல் மறைந்தது. 277 கருமுட்டைகளில் முயன்று கிடைத்த ஒரே குட்டி அது. பின்னர் எலி, பூனை, நாய், ஒட்டகம் என்று பட்டியல் நீண்டது. “நம்ம நாட்டுல யாரும் பண்ணலியா?” என்று கேட்டால்தான் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

பண்ணினார்கள். ஹரியானாவில் கர்னால் என்னும் ஊரில், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில். இதன் வேர் தெற்கே உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. 1923இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட நிலையம் இது. 1927இல் காந்தியடிகள் அங்கே சென்று கால்நடை வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். 1955இல்தான் தலைமையகம் கர்னாலுக்குப் போனது. காந்தியடிகள் 1946இல் நம் புனேக்கு அருகில் உருளிகாஞ்சனில் விட்டுச்சென்ற சீடர் மணிபாய் தேசாய், 1967இல் அங்கே பைஃப் அமைப்பை நிறுவி, செயற்கைக் கருவூட்டலைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார். சோலாப்பூர் ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள்.

கருவூட்டலுக்கும் நகலாக்கத்துக்கும் என்ன தொடர்பு? காளைதான். உலக எருமைகளில் பாதிக்கு மேல் நம் நாட்டில். 2019 கணக்கெடுப்பின்படி சுமார் 10.98 கோடி. இவற்றின் பால் பெருகவேண்டுமானால் நல்ல கிடா எருமைகள் வேண்டும். ஆனால் கிடா பால் கறக்காது! அதன் மகள்கள் வளர்ந்து, கன்று ஈன்று, கறந்து காட்டிய பிறகே அப்பன் நல்லவனா என்று தெரியும். அதற்குள் அப்பனுக்கு வயதாகிவிடும், அல்லது போய்ச் சேர்ந்திருப்பான். அப்படிப்பட்ட ஒன்றைத் திரும்பப் பெறுவதே கர்னால்காரர்களின் நோக்கம்.

முறையும் சிக்கனமானது. விலையுயர்ந்த நுண்கையாளுங் கருவி இல்லாமல், இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த சினைப்பைகளில் முட்டைகளை எடுத்து, மேலுறையை நொதியால் கரைத்து, நுண்ணோக்கியின்கீழ் மெல்லிய கத்தியைக் கையில் பிடித்தே உட்கருவை வெட்டி நீக்குகிறார்கள். பிறகு வேண்டிய விலங்கின் உயிரணுவை மின்துடிப்பால் அதனோடு இணைத்து, கருவாக வளர்த்து, வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கிறார்கள். சிங்ளா, சௌஹான், மாணிக், பால்டா முதலிய அறிஞர்களின் குழு இதைச் செய்தது.

2009 பிப்ரவரி 6இல் பிறந்த ‘சமரூபா’ ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 6இல் பிறந்த ‘கரிமா’ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2011 ஆகஸ்டில் இறந்தது. 2010 ஆகஸ்ட் 22இல் பிறந்த இரண்டாம் கரிமாதான் பெரிய வெற்றி. 2013 ஜனவரி 25இல் அது ‘மகிமா’ என்ற கன்றை ஈன்று, நகலும் தாயாகும் என்று காட்டியது. கரிமா, மகிமா! அட்டமாசித்திகளில் இரண்டு. கரிமா என்றால் மலைபோல் கனத்தல். எருமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? 2014இல் பிறந்த ‘ரஜத்’ இன்னும் வியப்பு. உயிரோடு இல்லாத ஒரு கிடாவின் உறைவிந்தில் எஞ்சியிருந்த உடல் உயிரணுவிலிருந்து வந்தது.

உலகிலேயே முதல் எருமை நகல் நம்முடையது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. சீனாவின் குவாங்சியில் வேறு முறையில் ஏற்கெனவே செய்து, 2007இலேயே வெளியிட்டுவிட்டார்கள். கைவழி முறையில் முதல் என்பதே சரி. அதுவே போதுமான பெருமை. கர்னாலில் பயின்ற ரியாஸ் அகமது ஷா, இதே முறையில் 2012 மார்ச் 9இல் ஸ்ரீநகரில் ‘நூரி’ என்ற பஷ்மீனா ஆட்டைப் பிறப்பித்தார். 2023 மார்ச்சில் கர்னாலிலேயே ‘கங்கா’ என்ற கிர் பசுக்கன்று பிறந்தது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். காட்டுவிலங்குக்கு இது உதவுமா? சத்தீஸ்கரின் உதந்தி சரணாலயத்தில் காட்டெருமைகள் அழிந்துகொண்டிருந்தபோது, ஆஷா என்ற பெண் எருமையின் உயிரணுவை எடுத்து, கர்னாலில் 2014 டிசம்பரில் ‘தீபாஷா’வைப் பிறப்பித்தார்கள். 2018இல் ராய்ப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். வளர வளர, “இது முர்ரா எருமை மாதிரியே இருக்கே” என்று வனவிலங்கு ஆர்வலர்கள் சந்தேகம் எழுப்பினார்கள். பணம் செலவாயிற்று, காட்டில் விட முடியவில்லை. அப்படியே அது அசல் நகலாக இருந்தாலும் என்ன? இருப்பது ஒரே பெண். பரம்பரை வேறுபாடு இல்லாமல் ஒரு மந்தை உருவாகாது. மேலும் முட்டை நாட்டெருமையுடையது. உட்கருவுக்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரியா மரபுப்பொருள் அதிலிருந்தே வரும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி சார், நகலே எடுத்துட்டாங்கன்னு வச்சுக்குங்க. கோலாப்பூர்ப் பக்கம் ராதாநகரி காட்டுல கொண்டுபோய் விட்டா, எந்தப் புல்லைத் திங்கணும், யாரைக் கண்டா ஓடணும்னு அதுக்கு யார் சொல்லித் தருவா?” என்றார்.

அந்தக் கன்றை ஈன்றிருப்பது ஒரு பண்ணைப் பசு. அதற்குத் தெரிந்தது தீவனத்தொட்டியும் கறவை நேரமும்தான்.