கண் பார்த்துக் கை செய்த தொழில்

மதுச்சாலையின் நீண்ட மேடைக்குப் பின்னால் நின்று, வருவோர் விருப்பமறிந்து பானங்களைக் கலந்து கொடுக்கும் பார்டெண்டர் உத்தியோகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் தனித்ததொரு தொழிலாகத் தலையெடுத்தபோது, அதைக் கற்பிக்கப் பள்ளிக்கூடமும் இல்லை, அந்நாட்டில் அச்சான வழிகாட்டி நூலும் இல்லை. அனுபவமற்ற பையன் கோப்பை கழுவுவான், பனிக்கட்டி உடைப்பான், தரை துடைப்பான். இவற்றினிடையே மூத்தவரின் கை போகும் போக்கைக் கவனித்துக்கொண்டே இருப்பான். கண் பார்த்தால் கை செய்யும் என்பதே அங்கு நிலவிய ஒரே போதனாமுறை.

அத்தொழில் அங்கு செழித்ததற்குப் பனிக்கட்டியும் ஒரு பிரதான காரணம். பாஸ்டன் வர்த்தகர் பிரடெரிக் டியூடர் 1806-இல் தொடங்கிய பனிக்கட்டி வியாபாரம், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றித் தூரதேசங்களுக்கு அனுப்புமளவு வளர்ந்தது. பின்னாளில் விவேகானந்தர் தங்கிய பெருமை பெற்ற சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸ், அவ்வியாபாரத்திற்காகவே எழுந்த கட்டடம். இங்கு கனவான்களின் ஆடம்பரமாயிருந்த அப்பொருள், அமெரிக்க நகரங்களில் சாதாரண மதுச்சாலைக்கும் எட்டும் விலையில் கிடைத்ததனால், குளிர்ந்த கலவைகள் பெருகின. கலவைகள் பெருகவே, கலப்பவரின் சாமர்த்தியத்திற்கும் மதிப்பு உண்டாயிற்று.

அந்தச் சாமர்த்தியத்தை முதன்முதலில் புத்தகமாக்கியவர் ஜெரி தாமஸ். நியூ ஹேவன் நகரில் தொழில் பழகி, பொன் தேடி ஓடிய கூட்டத்தோடு 1849-இல் கலிபோர்னியா சேர்ந்து, பிறகு பல ஊர்களில் பேர்பெற்ற அவர், 1862-இல் பானக்கலவை நூலொன்றை வெளியிட்டார். சூடான விஸ்கியில் கொதிநீர் சேர்த்துத் தீ மூட்டி, நீலச்சுடர் நீண்டொழுக ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு மாறி மாறி ஊற்றும் ‘ப்ளூ பிளேஸர்’ அவருடைய பிரசித்தி பெற்ற வித்தை. அதன் செய்முறையை எழுதியவர், புதியவன் உடம்பைச் சுட்டுக்கொள்ளாதிருக்க, முதலில் வெறும் தண்ணீரைக் கொண்டு நெடுநாள் அப்பியாசம் செய்யவேண்டும் என்றும் எச்சரித்தார். எழுத்தால் அளவைத்தான் சொல்ல முடியும், கையை அவனவனே பழக்கிக்கொள்ளவேண்டும் என்பதை அறிந்தவரின் வாக்கு அது.

ஹாரி ஜான்சன் 1882-இல் வெளியிட்ட கையேடோ, கலவைகளோடு நில்லாமல், தொழிலொழுக்கத்தையே விரித்துரைத்தது. வேலை கேட்டுப் போகிறவன் நடந்துகொள்ளும் முறை, வந்தவர் முன் முதலில் குளிர்ந்த நீரை வைத்து விருப்பத்தை விநயமாய்க் கேட்பது, மேடையின் சுத்தம் எனச் சிற்றெடுபிடி வேலைகளையும் அது சாஸ்திரம்போல் வகுத்தது.

இவ்வாறு நூலாலும் குருமுகத்தாலும் வளர்ந்த தொழில், 1920 ஜனவரியில் அமலான தேசிய மதுவிலக்கால் சட்டவிரோதமாயிற்று. சிலர் வேறு பிழைப்பு தேடினர். சிலர் கடல் கடந்தனர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் தேர்ந்த ஹாரி கிராடக், லண்டன் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் சேர்ந்து, 1930-இல் பெயர்பெற்ற காக்டெயில் நூலொன்றைத் தந்தார். இரகசிய மதுச்சாலைகள் உள்நாட்டில் மலிந்தனவேயாயினும், பழைய பாரின் ஒழுங்குமுறைப் பயிற்சிக்கு அங்கு இடமேது?

1933 டிசம்பரில் விலக்கு நீங்கியபோது, தாமஸின் அளவுகள் அச்செழுத்தில் சேதமின்றி இருந்தன; ஆனால் கோப்பை கழுவியவாறே பார்த்துப் பழகும் பையன்களின் வரிசைதான் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அறுந்து கிடந்தது. புதிதாக மேடையேறியவர்களில் அநேகர் புத்தகத்தை முன்வைத்துக்கொண்டே தொழிலைத் தொடங்கவேண்டியதாயிற்று. ஒரு தொழிலை அழிக்க அதன் நூல்களைக் கொளுத்தவேண்டியதில்லை. கற்றுக்குட்டிகள் ஒரு தலைமுறைக் காலம் வராமற் போனால் போதும்.