ரேஜிங் புல்: ரிங்கில் ஜெயித்தவர் வீட்டில் தோற்ற கதை!

பாக்ஸிங் படம்னாலே ஒரு ஃபார்முலா நமக்குத் தெரியும். அடி வாங்கும் ஹீரோ, வெறித்தனமான பயிற்சி, கிளைமாக்ஸில் வெற்றி. ஆனால், மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கி 1980-ல் வெளியான ‘ரேஜிங் புல்’ அந்த ரூட்டில் போகாது. ஹீரோ சாம்பியன் ஆன பிறகும் படம் முடியாது. அவர் சரிவது அதற்கப்புறம்தான்!

யாருடைய கதை?

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த நிஜ குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டாவின் கதை. 1943-ல் சுகர் ரே ராபின்சனுக்கு, தொழில்முறைப் போட்டிகளில் முதல் தோல்வியைக் கொடுத்தவர் இவர்தான். ஆனாலும் பட்டத்துக்கான வாய்ப்பு தள்ளிக்கொண்டே போனது. அதைப் பெறுவதற்காக, 1947-ல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றார். 1960-ல் அமெரிக்க செனட் துணைக்குழு முன்பு அவரே இதை ஒப்புக்கொண்டார். 1949-ல் மார்செல் செர்டானை வென்று மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார்.

அப்போ பிரச்னை என்ன?

சந்தேகம். மனைவி விக்கியையும், கூடவே நின்ற தம்பி ஜோயியையும் சந்தேகப்படுகிறார் ஜேக். ரிங்கில் எதிராளியை அடித்த கை, வீட்டில் அவர்கள் மீதே விழுகிறது. படம் இதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. பட்டம் கைக்கு வந்தது, உறவுகள் கைவிட்டுப் போயின. கடைசியில் சிறை அறையில் சுவரைக் குத்தி ஜேக் கதறுவார். அங்கே எதிராளி யாரும் இல்லை, அவர் மட்டும்தான்!

ஏன் இன்னும் பேசுறாங்க?

ஜேக்காக நடித்த ராபர்ட் டி நீரோ, லமோட்டாவிடமே பயிற்சி எடுத்தார். ஓய்வுபெற்ற ஜேக்கைக் காட்ட, படப்பிடிப்பை நிறுத்திவைத்து சுமார் 27 கிலோ எடை ஏற்றினார். வீட்டு வீடியோ காட்சிகள் மட்டும் கலரில் வரும், மற்றபடி படம் கறுப்பு வெள்ளை. ரத்தத்துக்குப் பயன்படுத்தியது சாக்லேட் சிரப்!

8 ஆஸ்கர் பரிந்துரைகளில் 2 விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகர் டி நீரோ, சிறந்த படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கர். சிறந்த படம் விருதை ‘ஆர்டினரி பீப்பிள்’ தட்டிச் சென்றது.

1951-ல் ராபின்சனிடம் பட்டத்தை இழக்கும்போதும் ஜேக் கீழே விழவில்லை. படத்தில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். முகமெல்லாம் ரத்தம், ஆனாலும் நிற்கிறார். பார்க்கிற நமக்கோ, அவர் எப்போதோ விழுந்துவிட்டார் என்று தெரியும்.