கிட்டங்கியில் குடியேறிய கலை

காலிக் கட்டடம் என்பது வணிகருக்கு நட்டக் கணக்கு. சரக்கு இல்லாவிட்டாலும் காவலாளுக்குச் சம்பளம், கட்டட வரி, ஒழுகும் கூரைக்கு மராமத்து என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். அதே கிட்டங்கியை ஓர் ஓவியரோ சிற்பியோ பார்த்தால் வேறு கணக்குப் போடுவார். உயர்ந்த கூரை, பெரிய சன்னல், கல்லையும் இரும்பையும் தாங்கும் தரை. இவையெல்லாம் குடியிருப்பு வீட்டில் கிடைக்குமா? கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகுமா? இந்த இரண்டு கணக்குகளும் சந்தித்த வரலாறு சுவையானது. பெருநகரங்களில் வாழும் நமக்குப் பாடமும் ஆனது.

முதலில் நியூயார்க்கைப் பார்ப்போம். அங்கே சோஹோ பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு முகப்புகளுடன் எழுந்த கிடங்குகளும் தொழிற்கூடங்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் காலியாகத் தொடங்கின. போதாக்குறைக்கு, அந்த வட்டாரத்தை ஊடறுத்து ஒரு விரைவுச்சாலை வரப்போவதாகத் திட்டம். இடிபடப்போகும் கட்டடத்தில் யார் முதல் போடுவார்? வாடகை மலிந்தது, கலைஞர்கள் நுழைந்தார்கள். தொழிற்பகுதியில் குடியிருப்பது சட்டத்துக்குப் புறம்பு. அவர்கள் போராடிய பிறகு 1961-இல் நகர நிர்வாகம் ஓர் ஏற்பாட்டுக்கு இசைந்தது. வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' என்று எழுதி, எந்த மாடி என்றும் குறித்து வைக்க வேண்டும். நம்ம வானொலி நிலையம் அல்ல! 'இங்கே கலைஞர் குடியிருக்கிறார்' என்பதன் சுருக்கம் அது. தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருப்பது தீயணைப்புப் படைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

1969-இல் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் கலைஞர்கள் குடியிருப்பது சட்டப்படி செல்லும் என்றானது. அப்புறம்தான் வினை. ஓவியர் பின்னால் காட்சிக்கூடம் வந்தது. அதன் பின்னால் உணவகம். அதன் பின்னால் பணக்காரர். இன்று சோஹோ என்றால் விலையுயர்ந்த ஆடைக் கடைகள். இடத்தைச் சொந்தமாக வாங்கிப்போட்டவர்கள் நிலைத்தார்கள். வாடகைக்கு இருந்தவர்களில் பலர் வெளியேற நேர்ந்தது. பாழ்பட்ட தெருவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், அந்தப் பெயரை விற்றவர் வேறொருவர்!

அதே நகரில் வேறு விதமாகவும் நடந்தது. பெல் தொலைபேசி ஆய்வுக்கூடம் 1966-இல் காலி செய்துவிட்டுப் போன கட்டடத் தொகுதியை, கப்லான் அறக்கட்டளையும் நாட்டின் கலை நிதியமும் சேர்ந்து கலைஞர் குடியிருப்பாக மாற்றின. வடிவமைத்தவர் ரிச்சர்ட் மையர். 1970-இல் 'வெஸ்ட்பெத்' என்ற பெயரில் 384 வீடுகளுடன் திறந்தார்கள். இலாப நோக்கமற்ற அமைப்பே அதன் உடைமையாளர். வருமான வரம்புக்கு உட்பட்ட கலைஞருக்கே இடம். சுற்றுப்புறம் முழுவதும் விலை ஏறியும் வெஸ்ட்பெத் இன்றும் கலைஞர் கையில்தான் இருக்கிறது.

லண்டனும் இதையே சொல்கிறது. 1968-இல் மூடப்பட்ட செயின்ட் கேத்தரின் கப்பல்துறையின் பண்டகசாலையில், ஓவியர் பிரிட்ஜெட் ரைலியும் நண்பர்களும் 'ஸ்பேஸ்' என்ற அமைப்பைத் தொடங்கிப் பணிக்கூடங்கள் அமைத்தனர். கப்பல்துறை மறுசீரமைப்புக்குப் போனதும் சில ஆண்டுகளிலேயே இடம் மாற வேண்டியதாயிற்று. 1972-இல் தோன்றிய 'ஆக்மி' என்ற அமைப்பு, இடிப்பதற்காகக் காத்திருந்த வீடுகளைக் குறுகிய காலத்துக்கு வாங்கிக் கலைஞருக்குக் கொடுத்தது. பின்னாளில் அது கட்டடங்களைச் சொந்தமாகவே வாங்கத் தொடங்கியது. பட்டறிவு தந்த புத்தி!

நம் நாட்டுக்கு வருவோம். வழக்கறிஞர் புலாபாய் தேசாய் 1946-இல் மறைந்தார். பம்பாய் வார்டன் சாலையில் இருந்த அவர் வீடு அவர் பெயரிலேயே கலைக்கூடமாயிற்று. பெயரளவு வாடகையில் உசேனும் கைதோண்டேயும் அங்கே ஓவியம் தீட்டினார்கள். அல்காசி நாடகம் பயிற்றினார். ரவிசங்கர் 1962-இல் கின்னரா இசைப்பள்ளியை அங்கேதான் நடத்தினார். பிற்காலத்தில் அந்த வீடு இடிபட்டு அடுக்குமாடி எழுந்தது. தில்லியிலோ, பழைய மதில் வளாகமான கர்ஹியில் லலித் கலா அகாதெமி 1976-இல் பணிக்கூடங்களைத் திறந்தது. இதற்கு முன்னின்றவர் சிற்பி சங்கோ சௌத்ரி. உடைமை பொது நிறுவனத்தினுடையது என்பதால் அது இன்றும் நிற்கிறது.

மும்பையில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. கூரை உயர்ந்த எத்தனை கூடங்கள்! லோயர் பரேல் ஃபீனிக்ஸ் ஆலை பெரும் வணிக வளாகமாயிற்று. மற்ற ஆலை நிலங்களிலும் அலுவலகங்களும் கோபுர வீடுகளும் எழுந்தன. வேலை இழந்த தொழிலாளிக்கே உரிய பங்கு கிடைக்காதபோது, ஓவியனை யார் நினைப்பார்?

இத்தனையும் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மலிவு வாடகை கலைஞரை உள்ளே கொண்டுவரும். உள்ளே நிலைக்க வைப்பது பத்திரம்தான். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கலை வேரூன்றாது. அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு, வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கங்களில் சிலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் உண்டு. ஞாயிறு தவிர மற்ற நாளில் மேல்மாடி சும்மா கிடக்கிற இடங்களும் உண்டு. ஓர் அறையை ஓர் இளம் ஓவியருக்கோ மிருதங்கம் பழகும் பிள்ளைக்கோ ஐந்தாண்டுக்கு எழுதிக் கொடுத்தால் என்ன? வாடகையாகக் கரண்டுக் கட்டணத்தை மட்டும் அவர் கட்டட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை யாராவது முன்மொழிந்தால், வழிமொழிய ஆள் தேட வேண்டியதில்லை. நான் இருக்கிறேன்.