கவிழ்த்த அச்சில் குழைந்த கண்ணாடி

செல்லிப்பட்டு வழியாக வரும் சங்கராபரணி ஆறு, வில்லியனூரைத் தாண்டியதும் ஒரு கிளையை அரியாங்குப்பம் பக்கம் அனுப்புகிறது. அந்தக் கிளையின் கரையில்தான் அரிக்கமேடு. மழையில் மண் கரைந்தால் அங்கே பாசிமணிகள் தலைகாட்டும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய மணிகள் அவை. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய பிறகு உலகமே பேசிய அந்த மேட்டில், மணிகளோடு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்களும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு வெளிப்புறம் முழுக்க விலா எலும்புகளாகப் புடைத்த வரிகள். என் மனம் அந்தக் கிண்ணத்தை விட்டு நகர மறுக்கிறது.

அது ஊதிச் செய்ததல்ல. கண்ணாடியை ஊதும் வித்தையே கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில்தான் சிரிய, பாலஸ்தீனக் கரையோரத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய வழி வேறு. இளகிய கண்ணாடியைத் தட்டையான வட்டமாக்கி, மேலே வரிகளை அழுத்தியெழுப்பி, கவிழ்த்த கிண்ணம் போன்ற அச்சின்மேல் வைத்துச் சூடேற்றினார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. கவிழ்த்த கிண்ணத்தின்மேல் போர்த்திய ஈரத்துணி அதன்மேல் படிவதுபோல, வட்டம் தன் கனத்தாலேயே தொய்ந்து அச்சைத் தழுவிக்கொள்ளும்.

இதற்குச் சாட்சி கிண்ணத்திலேயே இருக்கிறது. வெளிப்பக்கம் நெருப்பின் பளபளப்போடு வழவழவென்றிருக்கும். அச்சைத் தொட்ட உட்பக்கமோ சொரசொரத்துப்போனதால், அதைத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். தேய்த்த தடம் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் தெரிகிறது. ஒரு கைவினைஞரின் உழைப்பை இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு.

இன்றைய மின்சூளையிலும் வேலை இதேதான். வண்ணத் துண்டுகளை அடுக்கி ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் ஒரே தகடாக உருக்கி ஒட்டுகிறார்கள். ஒட்டும் கண்ணாடிகள் ஒரே அளவில் விரிந்து சுருங்குபவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறியபின் விரிசல் விடும். பிறகு அந்தத் தகட்டை அச்சின்மேல் வைத்து, 650 டிகிரியை ஒட்டிய சூட்டில் குழைய விடுகிறார்கள். கடைசியில் 500 டிகிரி வாக்கில் நிறுத்தி, மெல்ல மெல்ல ஆற்ற வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் போச்சு.

கவிழ்த்த அச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆறும்போது கண்ணாடி, சுட்ட மண்ணைவிட அதிகம் சுருங்கும். செங்குத்தான மண் அச்சை இறுகப் பற்றிக்கொண்டு வெடித்துவிடும். அதனால் குழிவான அச்சுக்கு மண், கவிழ்த்த அச்சுக்கு எவர்சில்வர் என்று பழகியிருக்கிறார்கள். எவர்சில்வர் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கித் தானே விலகிக்கொள்ளும். கண்ணாடி ஒட்டாமலிருக்க அலுமினாவும் வெள்ளைக் களிமண்ணும் கரைத்துப் பூசினால், சமையற்கட்டில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணம்கூடப் போதும்.