டியூபை எப்பப்பா எடுப்பாங்க?

திருவொற்றியூர் பெரியப்பாவுக்கு ஒரு ராத்திரி சுத்தமா ஒண்ணுக்கு வரலை. அடிவயிறு பானை மாதிரி வீங்கிடுச்சு. ராயபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில டியூப் போட்டப்புறம்தான் மனுஷன் மூச்சு விட்டார். ப்ராஸ்டேட் வீக்கமாம். மறுநாள் அவர் கேட்ட ஒரே கேள்விதான் தலைப்பு. எங்க தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். கடைசி வரைக்கும் டியூபும் பையுமாவே இருந்து போய்ச் சேர்ந்தார். பெரியப்பாவுக்கு அந்த பயம்.

டாக்டர் 3 நாள்னார். சித்தப்பாவோ, "ரெண்டு வாரமாவது இருக்கட்டும், உள்ள நல்லா ஆறட்டும்"னார். நமக்குத்தான் தேடிப் படிக்காம இருக்க முடியாதே!

டியூப் ரொம்பப் பழைய சமாச்சாரம். 1752ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தன் அண்ணனுக்காக வளையும் வெள்ளி டியூப் செய்ய வைத்தார் (மின்னலுக்குப் பட்டம் விட்ட அதே ஆள், அதே வருஷம்!). உள்ளே விடுவதைவிட, நழுவாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடு. நூலால் கட்டினார்கள், பிளாஸ்திரி ஒட்டினார்கள். 1930களில் அமெரிக்க டாக்டர் ஃப்ரெடரிக் ஃபோலே நுனியில் சின்ன பலூன் வைத்தார். தண்ணி நிரப்பினால் டியூப் அசையாது. காப்புரிமை என்னவோ வேறொருத்தருக்குப் போச்சு, பேர் மட்டும் இவருக்கு :-)

இப்ப வெளியே எடுப்பது சிக்கலாச்சு. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். எடுத்தாலோ, பலருக்கு மறுபடி நின்னுடும். அதனால ரொம்ப காலம் ஆபரேஷன்தான் வழி. அது தாங்காத உடம்புக்கு டியூபே கதி. தாத்தா கதை புரிஞ்சுது.

1970களில் ஜெருசலேமில் மார்கோ கெய்ன், ப்ராஸ்டேட்டின் தசை இறுகுவதும் அடைப்புக்குக் காரணம், அதை மாத்திரையால் தளர்த்தலாம் என்று காட்டினார். அந்த வம்சத்தில் வந்த அல்ஃபுசோசினை வைத்து 2004ல் ஒரு ஆய்வு. மாத்திரை கொடுத்து இரண்டு மூணு நாளில் டியூபை எடுத்தபோது 61.9 சதவீதம் பேருக்குத் தானாகவே போச்சு. வெத்து மாத்திரைக்காரர்களுக்கு 47.9தான். 2012ல் பல நாடுகளில் 6074 ஆண்களைக் கணக்கெடுத்ததில், 3 நாளுக்கு மேல் வைத்ததால் வெற்றி கூடவில்லை, தொல்லைதான் கூடிச்சு. ஆறுவதற்கு அங்கே புண்ணே இல்லையே சித்தப்பா!

மூணாம் நாள் காலையில எடுத்தாங்க. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டு பெரியப்பா பாத்ரூம் போனார். வெளியே பெரியம்மா கதவுல காதை வெச்சு நின்னாங்க. பத்து நிமிஷம் கழிச்சு உள்ளேருந்து குரல்: "வருதுடி!"

மாத்திரை தொடருது. திரும்ப நிக்கவும் வாய்ப்பு உண்டாம், அடுத்த மாசம் மறுபடி காட்டணும்.